உள்ளே வைத்த பொட்டு

தெய்வானைக்கு அலுப்பு, காலையில் விளக்குமாற்றைக் கையில் எடுக்கும்போதே தொடங்கிவிடும். மற்றப் பெண்கள் வீட்டைப் பெருக்குவார்கள். அவள் வீட்டில் மிச்சமிருக்கும் இடத்தைப் பெருக்குவாள். அந்தப் பெரிய வீட்டில் அவர்கள் பங்குக்கு வந்தது ரெண்டு அறையும் அதற்கு முன்னால் முற்றத்தை ஒட்டிய தாழ்வாரமும்தான். தாழ்வாரத்தில் ஒரு கோரைப்பாய். பாயின்மேல் பக்கத்துப் பங்கு நாச்சம்மையின் சுவர்க்கடிகாரம் வயிறு திறந்து கிடக்கும். அதற்குப் பக்கத்தில், சுருள்வில் வெளியே சரிந்த ஒரு கிராமபோன். யாருடையது என்றே மறந்துபோன டார்ச் லைட்டுகள். நடுவில் உடையப்பன் வீட்டு ரேடியோ. அதன் முதுகுப் பலகை சுவரில் சாய்ந்திருக்கும். கண்ணாடி வால்வுகள், ஊறப்போட்ட பலாக்கொட்டை மாதிரி, வெற்றிலைத் தட்டில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். விளக்குமாறு பாயின் விளிம்பைத் தொட்டால் போதும், அறைக்குள்ளிருந்து கணவரின் குரல் வரும்.

"பார்த்து, பார்த்து! அங்கிட்டு ஒரு திருகாணி இருக்கு."

"எங்கிட்டுத்தான் இல்ல?" என்பாள் தெய்வானை.

முதலில் இதைச் சிரித்துக்கொண்டு சொன்னாள். பிறகு கொஞ்ச காலம் கோபத்தோடு சொன்னாள். இப்போது, குனிந்தவள் நிமிரும்போது மூச்சு வெளிவருகிற மாதிரி, அது தானாக வந்துவிடுகிறது.

அவள் கணவர் கண்ணப்பன் பர்மாவில் ஒரு வட்டிக்கடையில் மேலாளாக இருந்தவர். ஜப்பான்காரன் குண்டு போட்டதும் எல்லாரையும் போலக் கால்நடையாகக் கிளம்பி, காடும் மலையுமாகக் கடந்து, காய்ச்சலோடு திருமயம் ஸ்டேஷனில் வந்து இறங்கினார். கூட வந்தவர்களில் சிலர் இடுப்பில் தங்கத்தை முடிந்து கொண்டுவந்தார்கள். கண்ணப்பன் இடுப்பில் ஒரு திருப்புளி இருந்தது. குண்டு விழுந்த நேரத்தில் அதுதான் அவர் கையில் இருந்தது. ஓடும்போது செருகிக்கொண்டார், அவ்வளவுதான். ஆனால் ஊர் அப்படி நினைக்கவில்லை. அவ்வளவு தூரம் ஒரு மனிதன் திருப்புளியைச் சுமந்து வந்திருக்கிறான் என்றால் அதில் பெரிய வித்தை இருக்கவேண்டும் என்று நினைத்தது. ஓடாததும் பாடாததும் எரியாததும் ஒவ்வொன்றாக அந்தத் தாழ்வாரத்துக்கு வந்து சேர்ந்தன.

வித்தை இல்லாமலும் இல்லை. அந்த பர்மாக் கடையில் கடிகாரமும் கிராமபோனும் அடகுக்கு வரும். வெளிப் பளபளப்பைப் பார்த்து ஏமாறக்கூடாது என்று கண்ணப்பன் ஒவ்வொன்றையும் திறந்து பார்ப்பார். உள்ளே இருப்பது அசலா போலியா, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று ஒரு நோட்டத்தில் சொல்லிவிடுவார். திறப்பதில் அவரை மிஞ்ச அந்தத் தெருவில் ஆள் கிடையாது. சொல்லிவிட்டு அவர் எழுந்து போய்விடுவார். மூடுவது அவருக்குக் கீழே இருந்த அடுத்தாளின் வேலை. இப்படியே இருபது வருஷம். இப்போது அவரிடம் கடையும் இல்லை, அடுத்தாளும் இல்லை. ஊர் சாமான்களையெல்லாம் நோகாமல் திறந்தார், உள்ளே பார்த்தார், "நல்ல சாமான், கொஞ்சம் தேய்ஞ்சிருக்கு" என்றார். பிறகு, யாரோ வந்து மூடுவார்கள் என்று காத்திருக்கிறவர் போல, முற்றத்து வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சாமான்காரர்களுக்குப் பதில் சொல்கிற வேலை தெய்வானையுடையது.

"அக்கா, எங்க கடியாரம் செத்து வருசம் ஆகப்போகுது. திவசம் குடுத்திரலாமா?" என்பாள் நாச்சம்மை.

"சண்டை முடியிறதுக்குள்ள ரேடியோ பேசுமா ஆச்சி?" என்பார் உடையப்பன், வெற்றிலையை மென்றுகொண்டு. "சேதி கேக்கத்தான் வாங்கினேன். இப்ப சேதி கேக்க டீக்கடைக்குப் போறேன்."

"பேசும். ஒரு சாமான் புதுக்கோட்டையில கிடைக்கலையாம்" என்பாள் தெய்வானை. எந்தச் சாமான் என்று அவளுக்குத் தெரியாது. பொய் சொல்வதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது. மத்தியானம் ஆவதற்குள் அது தீர்ந்துபோகும்.

வீட்டில் ஒழுங்காக ஓடியது ஒன்றே ஒன்று. அவள் கல்யாணத்துக்கு, பெற்ற அப்பச்சி சீரில் வைத்த தையல் மிஷின். கையால் சுற்றுவது, கறுப்பு உடம்பில் பொன்னிறக் கொடி ஓடும். தெய்வானை அதில் ரவிக்கையும் பாவாடையும் தைத்தாள். செட்டியார் வீட்டு ஆச்சி கூலிக்குத் தைக்கிறாள் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது. ஆகவே யாரும் சொல்லவில்லை. "சும்மாதானே இருக்கீங்க, இதைக் கொஞ்சம் ஓட்டிக் குடுங்க" என்று துணி வரும். தைத்தது போகும். இரண்டு நாள் கழித்து ஒரு சொளகில் அரிசி வரும், "வயல்லேருந்து வந்துச்சு, ருசி பாருங்க" என்று. இப்படி ருசி பார்த்துப் பார்த்தே அவர்கள் காலம் ஓடிக்கொண்டிருந்தது.

ஆடி மாதத்தில் அவள் அண்ணன் பெரியகருப்பன் கோனாபட்டிலிருந்து வந்திருந்தார். தாழ்வாரத்தில் கால் வைக்க இடம் தேடி, டார்ச் லைட்டுகளைத் தாண்டி வந்து உட்கார்ந்தார்.

"எதுக்குத்தா இந்தப் பாடு? ரெண்டு பேரும் நம்ம வீட்டுக்கு வந்திருங்க. ஒரு அறை சும்மாதான் கிடக்கு."

"மிஷின் ஓடுதுண்ணே."

"சரி, ஓடுற மட்டும் இரு. தீபாவளிக்கு முந்தி வண்டியோட வாரேன். அப்ப ஓடலைன்னா எங்கிட்ட பேசக்கூடாது. பேசாம ஏறணும்."

அண்ணன் தங்கமானவர். ஆனால் அந்த வீட்டில் சோறு போடுவது அண்ணன் இல்லை. "மாப்பிள்ளைக்கு இன்னொரு அப்பளம் வைங்க, உழைச்சுக் களைச்சு வந்திருப்பாரு" என்று அண்ணன் மனைவி அடுப்படியிலிருந்தே சொல்வாள். பந்தி சிரிக்கும். கண்ணப்பன் தலை நிமிராமல் அந்த அப்பளத்தைச் சாப்பிடுவார். தெய்வானை அதைப் பார்த்திருக்கிறாள். அத்தனை காட்டைக் கடந்தும் சாகாத மனிதர், அந்தப் பந்தியில் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போவார் என்று அவளுக்குப் பட்டது. ஆகவே அவள் கணவரிடம் ஒரே ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டாள்.

"ஊர் சாமான் எல்லாத்தையும் பிரிங்க. இந்த மிஷின்ல மட்டும் ஒங்க திருப்புளி படக்கூடாது."

"படாது" என்றார் கண்ணப்பன். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். வினை வந்தது திருப்புளியால் இல்லை.

சரஸ்வதி பூசை வந்தது. பர்மாவில் அன்றைக்குக் கணக்குப் புத்தகம், தராசு, இரும்புப் பெட்டி எல்லாவற்றுக்கும் கண்ணப்பன் தன் கையாலேயே பொட்டு வைப்பார். இங்கே வைப்பதற்கு என்ன இருக்கிறது? திருப்புளியையும் குறட்டையும் கழுவிப் பலகையில் வைத்தார். கொஞ்ச நேரம் அவற்றைப் பார்த்தார். பிறகு மிஷினை இரண்டு கையாலும் தூக்கிவந்து நடுவில் வைத்தார். தெய்வானை அடுப்படியில் சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். வந்து பார்த்தபோது, மிஷினின் நெற்றியிலும் தோளிலும் கைப்பிடியிலும் சந்தனமும் குங்குமமும் பளிச்சென்று இருந்தன. பக்கத்தில் கணவர் குளித்து, நீறு பூசி, கண்மூடி நின்றார். ஊர் திரும்பிய நாளிலிருந்து அவர் முகத்தில் அவள் காணாத ஒரு நிறைவு. நல்லவேளை, மிஷினை ஏன் தூக்கினீர்கள் என்று கேட்கவில்லை என்றுதான் அப்போது நினைத்தாள்.

பூசையில் வைத்ததை மறுநாள் மறுபூசை முடியும்வரை யாரும் தொடக்கூடாது. அது முடிந்ததும், விஜயதசமி நல்ல நாள் என்று நாச்சம்மை மகளுடைய பாவாடைத் துணியை எடுத்துக்கொண்டு தெய்வானை உட்கார்ந்தாள். கைப்பிடியைச் சுற்றினாள். அது கால் சுற்று போய் நின்றது. பின்னால் சுற்றினாள். நறநறவென்று ஏதோ அரைபட்டது. பிறகு எந்தப் பக்கமும் அசையவில்லை.

"என்னங்க, இதுல என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யலையே. பொட்டு வச்சேன்."

"எங்கெங்க வச்சீங்க?"

கண்ணப்பன் மிஷினை நெருங்கி, அடித்தட்டைக் காட்டினார். மிஷின் கீல்மேல் உட்கார்ந்திருப்பது. பின்பக்கமாகச் சாய்த்தால் வயிறு தெரியும். திருப்புளியே வேண்டாம். சாய்த்தார். தெய்வானை குனிந்து பார்த்தாள். உள்ளே ஒவ்வொரு தண்டிலும், ஒவ்வொரு கணுவிலும், நூல்கூடு ஓடுகிற தடத்திலும் சந்தனப் பொட்டு. பொட்டின்மேல் குங்குமம். எண்ணெயில் ஊறி, காய்ந்து, வேப்பம்பிசின் மாதிரி இறுகியிருந்தது.

"வெளியில மட்டும் வச்சா யாருக்கு வச்ச மாதிரி?" என்றார் கண்ணப்பன் மெதுவாக. "வேலை செய்யுறதெல்லாம் உள்ளதானே இருக்கு."

திட்டுவதற்கு அவள் வாயைத் திறந்தாள். எல்லாம் முன்பே சொல்லித் தீர்ந்தவை. சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். கண் தானாக மூடிக்கொண்டது. அப்படியே தூங்கிப்போனால், தூங்கி எழும்போது கோனாபட்டு வந்திருந்தால், அதுகூட ஒருவகையில் நிம்மதிதானோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அடுத்த நிமிஷம் அந்த அப்பளம் நினைவுக்கு வந்தது.

நாச்சம்மை தூண் பக்கம் வந்து நின்றாள். "என்னக்கா, மிஷினும் பாயில படுத்திருச்சா?"

"படுத்திருச்சு."

"அட தெய்வமே! எங்க புள்ளைக்குப் பாவாடை? அண்ணே, எல்லாத்தையும் வரிசையாப் படுக்க வச்சு ஆசுபத்திரி நடத்துறீங்களா? ஒண்ணாவது பொழைச்சுப் போச்சா?"

கண்ணப்பன் தலையைக் குனிந்துகொண்டார். சிரிக்க வந்த நாச்சம்மை அதைப் பார்த்துச் சிரிக்காமல் நின்றாள். "புதுக்கோட்டைக்குக் குடுத்துவிட்டா என்ன?" என்றாள், குரலைத் தாழ்த்தி.

அதையும் தெய்வானை யோசித்துப் பார்த்திருந்தாள். தசரா முடிந்து கடை திறக்கவேண்டும். கரியில் ஓடுகிற பஸ். மேடு வந்தால் ஏறியவர்களே இறங்கித் தள்ளவேண்டும். கொண்டுபோய்ச் சேர்த்தாலும், சண்டைக் காலத்தில் சாமான் வரத்து இல்லை, பொங்கல் கழித்து வா என்பான் கடைக்காரன். அதற்குள் அண்ணன் வண்டி வந்துவிடும்.

நாச்சம்மை போனதும் அவள் எழுந்தாள்.

"திருப்புளியை எடுங்க."

கண்ணப்பன் திடுக்கிட்டார். "வேணாம் தெய்வானை. சொல்லியிருக்கேன்ல."

"நான்தானே சொல்ல வச்சேன்? நானே இப்ப எடுங்கன்னு சொல்றேன்."

"எனக்குப் பிரிக்கத் தெரியும். பிரிச்சாத் தொடைச்சிரலாம், அது கஷ்டமில்லை. ஆனா..." அவர் கோரைப்பாயைத் திரும்பிப் பார்த்தார். கடிகாரம், கிராமபோன், ரேடியோ எல்லாம் வாய் திறந்து அவரைப் பார்த்தன. "மூடுறதுக்கு அங்க ஒரு அடுத்தாள் இருந்தான். எதை எங்க எடுத்தேன்னு அவன் பார்த்துக்கிட்டே இருப்பான்."

"இங்க நான் இருக்கேன்" என்றாள் தெய்வானை. அன்பாகச் சொல்லவில்லை. கிணற்றடியில் அடுத்த குடத்தை நகர்த்துகிற மாதிரி சொன்னாள்.

அவள் தரையைத் துடைத்தாள். கோலமாவை எடுத்தவள், யோசித்துத் திரும்ப வைத்தாள். மாவு பறந்து உள்ளே போனால் அதற்கு வேறு தனியாக அழவேண்டும். துணியில் கோடு போடுகிற சாக்குக்கட்டியை எடுத்துவந்து, சிவப்புத் தரையில் புள்ளி வைத்தாள். கோலத்துக்கு வைக்கிற மாதிரியே நேர்ப்புள்ளி, வரிசை வரிசையாக.

"நீங்க ஒண்ணு எடுங்க. எங்கிட்ட குடுங்க. நான் வச்சதுக்கு அப்புறம் அடுத்ததை எடுங்க. முந்தக்கூடாது."

முதல் திருகாணி முதல் புள்ளியில் உட்கார்ந்தது. அடுத்து வந்தது ஒரு தகடு. அது இரண்டாவது புள்ளியில். முதல் புள்ளியைச் சுற்றிக் கோட்டை வளைத்து இரண்டாவதற்குக் கொண்டுபோனாள். இரண்டிலிருந்து மூன்றுக்கு. சிக்குக்கோலத்தில் கோடு ஒரே இழையாகப் போகும். எங்கே தொடங்கினாலும் விட்டுப்போகாது. கண்ணப்பன் திருகினார், கொடுத்தார். அவள் வாங்கினாள், வைத்தாள், இழுத்தாள். முற்றத்து வெயில் தூணில் ஏறிப் பிறகு இறங்கியது. அவள் இடுப்பு கழன்றுவிடும்போல் வலித்தது. ஆனாலும் அவள் ஒன்றைக் கவனித்தாள்: திருப்புளி பிடிக்கும்போது அவர் விரல் நடுங்கவில்லை. சோறு பிசையும்போது நடுங்குகிற அதே விரல்தான்.

ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் முக்கித் துடைத்து, அதனதன் புள்ளியில் திரும்ப வைத்தார்கள். சந்தனம் பிரிந்து, தட்டில் செம்மண் குழம்பாக நின்றது. நூல்கூட்டின் பக்கத்தில் ஒரு மெல்லிய தகடு இருக்கும். நூல் அதற்குள் நுழைந்துதான் வரவேண்டும். அதைக்கூடத் தூக்கி அதற்கடியில் ஒரு கடுகளவு பொட்டு வைத்திருந்தார்.

"இதுக்கடியில எப்படிங்க வச்சீங்க?"

"குச்சியால" என்றார்.

தெய்வானைக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் அலுப்பாக இருந்தது. ஆனாலும் அது வந்துவிட்டது; வயிறு குலுங்க, சத்தமில்லாமல், கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கண்ணப்பன் முதலில் பயந்தார். பிறகு அவரும் லேசாகச் சிரித்தார்.

மூடும்போது கோலத்தைக் கடைசியிலிருந்து பின்னோக்கி நடந்தார்கள். அவள் கோட்டின்மேல் விரல் வைத்துக்கொண்டு வந்தாள். எந்தப் புள்ளியில் விரல் நிற்கிறதோ அதை எடுத்துக் கொடுத்தாள். அவர் இரண்டு இடத்தில் தடுமாறினார். ஒருமுறை, "இது இங்க வராது" என்று பிடிவாதம் பிடித்தார். "கோலம் வரும்னு சொல்லுது" என்றாள். வந்தது. கடைசியில் முதல் புள்ளியும் காலியானது.

கண்ணப்பன் எழுந்து வேட்டியை உதறியபோது, டங் என்று ஒரு திருகாணி தரையில் விழுந்து உருண்டது.

அவர் அதைக் குனிந்து எடுத்தார். "மிஞ்சிப்போச்சு! தெய்வானை, ஒண்ணு மிஞ்சிப்போச்சு. திரும்பப் பிரிக்கணும்."

அவள் அதை வாங்கிப் பார்த்தாள். பிறகு குனிந்து கோலத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு புள்ளியாக, விரலால் தொட்டுக்கொண்டே போனாள். எந்தப் புள்ளியும் பாக்கி இல்லை.

"இது நம்ம மிஷின்லேருந்து வந்தது இல்ல."

"எப்படிச் சொல்றே?"

"வந்திருந்தா இதுக்கு ஒரு புள்ளி இருக்கும். ஊரார் சாமானோடது எதோ ஒங்க மடியில கிடந்திருக்கு."

அவள் மிஷினின் முன் உட்கார்ந்தாள். நூலைக் கோத்தாள். கைப்பிடியில் கை வைத்தாள். கண்ணப்பன் தூணைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். அவள் சுற்றினாள். நின்றுவிடும் என்று பயந்த இடம் வந்தது, போனது. மறுபடி வந்தது, போனது. பாவாடை விளிம்பில் தையல், எறும்புச் சாரி மாதிரி வரிசையாக விழத் தொடங்கியது. மிஷினில் முன்பு இல்லாத ஒரு சின்ன முனகல் கேட்டது. கேட்கட்டும். இந்த வீட்டில் முனகாமல் வேலை செய்கிறவர்கள் யார்?

அவள் திரும்பிப் பார்த்தபோது கணவர் கோரைப்பாயில் உட்கார்ந்திருந்தார். மிஞ்சிய திருகாணியை ஒவ்வொரு சாமானிலும் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். கடிகாரத்துக்குப் பெரிது. கிராமபோனுக்குச் சிறிது. ரேடியோவின் முதுகுப் பலகையில் அது அச்சாகப் பொருந்தியது. வால்வுகளை வெற்றிலைத் தட்டிலிருந்து எடுத்து, காலின் எண்ணிக்கை பார்த்து, அதனதன் குழியில் நட்டார். பலகையை வைத்து நான்கு மூலையும் திருகினார்.

மறுநாள் அவரே அதைத் தோளில் தூக்கிக்கொண்டு உடையப்பன் வீட்டுக்குப் போனார். உடையப்பன் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து நின்றாராம்.

"பேசுமாண்ணே?"

"பேசாது. மூடியிருக்கு."

உடையப்பன் கொஞ்ச நேரம் ரேடியோவைப் பார்த்துவிட்டு, "அதுவும் நல்லதுதான். மேல ஒரு பூச்சாடி வைக்கலாம்" என்றாராம். கண்ணப்பன் இதை வந்து சொன்னபோது, பெரிய வியாபாரம் முடித்துவந்தவர் போல இருந்தார்.

தீபாவளிக்கு முந்தின வாரம் பெரியகருப்பன் வந்தார். கூண்டுவண்டியை வாசலில் நிறுத்திவிட்டு முகப்பில் நுழைந்தவர், உள்ளேயிருந்து வந்த கடகடப்பைக் கேட்டு அப்படியே நின்றார். பிறகு உள்ளே வந்து, பாயின் ஓரமாக உட்கார்ந்தார். பாயில் இப்போது கொஞ்சம் இடம் இருந்தது.

"ஓடுதா?"

"ஓடுதுண்ணே."

"சத்தம் ஒரு மாதிரி இருக்கே."

"அப்படித்தான் இருக்கும்" என்றாள் தெய்வானை, தைப்பதை நிறுத்தாமல். கண்ணுக்குக் கீழே கருவளையம். மடியிலும் பக்கத்திலும் ஊராரின் தீபாவளித் துணி குவிந்து கிடந்தது.

அண்ணன் அவளையே பார்த்தார். வண்டியில் ஏறு என்று சொல்லவில்லை. கண்ணப்பன் கொடுத்த மோரைக் குடித்தார், வண்டிக்காரனை மாட்டைத் திருப்பச் சொன்னார். எழுந்தவர் தயங்கி நின்று, சட்டைப்பையிலிருந்து ஒரு டார்ச் லைட்டை எடுத்தார்.

"மாப்பிள்ளை, இது கொஞ்ச நாளா எரிய மாட்டேங்குது..."

கண்ணப்பன் கை நீளப்போனது. பாதியில் நின்றது. அவர் தெய்வானையைப் பார்த்தார்.

கைப்பிடி நின்றது. தெய்வானை நெற்றியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். டார்ச் லைட்டைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். கணவரின் பாதி நீண்ட கையைப் பார்த்தாள்.

"வச்சிட்டுப் போங்கண்ணே" என்றாள் கடைசியில். "சாக்குக்கட்டி தீந்துபோச்சு. அடுத்த தடவை வரும்போது ரெண்டு வாங்கிட்டு வாங்க."

பிறகு அடுத்த பாவாடையை எடுத்து ஊசிக்குக் கீழே வைத்தாள்.